'கிருமி இல்லை' என்ற கடிதத்தை எப்போது நம்பலாம்?

அகதி விடுதிகளிலும் முகாம்களிலும் காலம் தள்ளும் எம்மவர் பலருக்கு அந்தச் சிறு போத்தல் அறிமுகமானதே. அகன்ற வாய், திருகு மூடி, உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக். நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்றோ, இருமல் கிழமைக்கணக்கில் நிற்கவில்லை என்றோ வைத்தியர் அதைக் கொடுத்தனுப்புகிறார். நாளை காலை சளி எடுத்து வாருங்கள் என்கிறார் தாதி. மொழி விளங்கியவர் கேட்டுக்கொள்கிறார். விளங்காதவர் தலையை ஆட்டிவிட்டு, போத்தலை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறுகிறார். சில நாட்களிலோ கிழமைகளிலோ கடிதம் வருகிறது. காசநோய்க் கிருமி காணப்படவில்லை. ஒரே அறையில் நால்வர் ஐவர் படுத்தெழும்பும் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன உண்டு?

அந்த ஆறுதல் எந்த அளவுக்கு உறுதியானது என்பதையே இங்கு நாம் கேட்க விரும்புகின்றோம். அக்கடிதம் கூறுவது போத்தலுக்குள் என்ன இருந்தது என்பதை. நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பதை அன்று. போத்தலில் சென்றது சளியன்றி எச்சிலாக இருந்தால், அல்லது நல்ல சளியே சென்றும் அது வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை வெப்பமூட்டிக்கு மேலுள்ள யன்னற் படியில் கிடந்திருந்தால், ஆய்வுகூடத்தில் எத்தனை நவீன கருவி இருந்தும் பயனில்லை. சளியை எடுப்பது, பேணுவது, அனுப்புவது ஆகிய மூன்றும் பரிசோதனையின் முதற்பாதி. அந்த முதற்பாதியை இந்நாடுகளின் சுகாதார அலுவலகங்கள், அதைப்பற்றி மிகக் குறைவாக அறிந்த மனிதரின் கையில், பெரும்பாலும் ஒரு சொல் விளக்கமுமின்றி ஒப்படைக்கின்றன. நாமோ வெட்கத்தினாலும் பயத்தினாலும் அதை மேலும் பாழாக்குகின்றோம். இரு பக்கமும் பேசப்பட வேண்டியதே.

சளியைப் பேணுவதில் ஏன் இத்தனை கவனம் என்பதற்குக் காரணம் அந்தக் கிருமியின் இயல்பிலேயே உள்ளது. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி பேர்ளினில் றொபேட் கொக் உலகுக்கு அறிவித்த இக்கிருமி மிக மிக மந்தமானது. எம் வாயிலும் தொண்டையிலும் குடியிருக்கும் சாதாரணக் கிருமிகளிற் பல, இதமான சூடு கிடைத்தால் அரை மணித்தியாலத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். காசநோய்க் கிருமி ஒரு தடவை இரண்டாகப் பிரிவதற்கு ஏறக்குறைய இருபது மணித்தியாலம் எடுக்கும். போத்தல் ஒரு நாள் சூட்டில் கிடந்தால் என்ன நிகழும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம். தேடப்படும் கிருமி இருந்த இடத்திலேயே இருக்க, தேடப்படாதவை கோடிக்கணக்கில் பெருகி அதை மூடிவிடும்.

ஆய்வுகூடத்தார் இதை அறியாதவர்கள் அல்லர். சளி வந்து சேர்ந்ததும் சோடியம் ஐதரொட்சைட்டு என்னும் காரத்தைச் சேர்த்து ஏனைய கிருமிகளைக் கொல்கின்றனர். காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற தடித்த உறை இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். ஆயினும் முற்றாகத் தாக்குப்பிடிப்பதில்லை. அக்காரத்தில் அதிலும் ஒரு பகுதி மடிகிறது. ஏனைய கிருமிகள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தால் இந்தச் சுத்திகரிப்பும் தோற்றுப்போய், வளர்ப்பு ஊடகம் முழுவதும் அவையே படர்ந்துவிடும். அப்போது வரும் முடிவு 'மாசடைந்தது' என்பதாகும். மாசடைந்தது என்பது வேறு, கிருமி இல்லை என்பது வேறு. இதை எமக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர்கள் சிலவேளை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். முடிவைக் கேட்கும்போது எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்று விடாப்பிடியாகக் கேளுங்கள்.

அடுத்தது பரிசோதனையின் வகை. கண்ணாடித் தகட்டில் சளியைப் பூசி, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் பார்ப்பது பழைய முறை, இன்றும் வழக்கிலுள்ளது. இம்முறையில் கிருமி கண்ணில் படவேண்டுமாயின் ஒரு மில்லிலீற்றர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தகடு வெறுமையாகவே தோன்றும். வளர்ப்புப் பரிசோதனை இதைவிடப் பன்மடங்கு கூர்மையானது. மில்லிலீற்றருக்குப் பத்து முதல் நூறு கிருமிகள் இருந்தாலும் கண்டுபிடிக்கும். ஆனால் காத்திருப்பு நீண்டது. திரவ ஊடகத்தில் ஆறு கிழமைகள், திண்ம ஊடகத்தில் எட்டுக் கிழமைகள் வரை பார்த்த பின்பே 'வளரவில்லை' என்று சொல்ல முடியும். 2010ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பேர்ட் கருவி இரண்டு மணித்தியாலத்துக்குள் கிருமியின் மரபுப்பொருளைக் காட்டுவதோடு, றிபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்கு அது பணியுமா பணியாதா என்பதையும் கூறிவிடுகிறது. ஆகவே மூன்று நாளில் வரும் 'இல்லை' வேறு, இரண்டு மாதத்தில் வரும் 'இல்லை' வேறு. முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வந்துவிட்டதாக நினைத்து மருத்துவமனைப் பக்கமே போகாது விட்டவர்கள் எம்மிடையே உண்டு.

இனி, சளி எடுக்கும் வேளைக்கு வருவோம். வைத்தியசாலை கேட்பது நெஞ்சின் அடியிலிருந்து இருமி வரும் தடித்த சளியை. வாயில் ஊறும் நீரை அன்று. மூன்று முதல் ஐந்து மில்லிலீற்றர் போதும். அதாவது ஒரு தேக்கரண்டி. காலையில் ஏன் என்றால், இரவு முழுவதும் படுத்திருக்கையில் சுவாசப்பைக்குள் ஊறிய சளி அப்போதுதான் திரண்டிருக்கும். எழுந்ததும், தேநீருக்கும் உணவுக்கும் முன்பாக, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். கொதித்தாறிய நீராயின் நல்லது. குழாய் நீரில் சிலவேளை காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட உறவான வேறு கிருமிகள் வாழும், அவை வந்து ஆய்வைக் குழப்பும். வாய் மணக்கக் கொப்பளிக்கும் கிருமிகொல்லித் திரவங்களை அன்று தொடவே கூடாது. பின் இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழ இழுத்து, நிறுத்தி, விட்டு, அடிவயிற்றிலிருந்து இருமினால் வரும். வராவிட்டால் வராததை வராது என்று சொல்லுங்கள். வைத்தியசாலையில் உப்புநீர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து சளியை வரவழைக்கும் முறை உண்டு. வெறும் எச்சிலால் போத்தலை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று வருவதற்கு, கொடாமலே விடுவது மேல். கொடாவிட்டால் திரும்பவும் கேட்பார்கள். எச்சிலைக் கொடுத்தால் 'இல்லை' என்று எழுதிவிடவும் கூடும்.

எங்கே எடுப்பது என்பதில்தான் எம்மவர் வழுக்கும் இடம் இருக்கிறது. முகாமில் தனிமை என்பது பொதுக் குளியலறை ஒன்றே. அதற்குள் புகுந்து, கதவைத் தாழிட்டு, அடுத்தவர் காதில் விழாதபடி தண்ணீரைத் திறந்துவிட்டு, மெல்ல இருமுகின்றனர். இதைவிடப் பொருத்தமற்ற இடம் கிடையாது. காசநோய் தொற்றுவது காற்றினால். கோப்பையாலோ படுக்கைவிரிப்பாலோ மூடியிறுக்கிய போத்தலாலோ அன்று. யன்னலில்லாத அச்சிறு அறையில் இருமியபின் மிதந்து நிற்கும் நுண்துளிகளை அடுத்து உள்ளே போகும் தாயும் குழந்தையும் சுவாசிப்பர். போத்தலைக் கட்டடத்துக்கு வெளியே, ஆள் நடமாட்டமற்ற மூலைக்கு எடுத்துச் செல்லுங்கள். பனிக்காலமாயின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு செல்லுங்கள். அயலவர் பார்த்துவிடுவர் என்ற கூச்சம் எமக்கும் விளங்குகிறது. கசம் என்ற சொல் ஊரில் ஒரு குடும்பத்தின் கலியாணப் பேச்சையே குலைத்த காலத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கூச்சத்துக்காக அடுத்த அறைப் பிள்ளைக்கு நோயைக் கொடுப்பதை எவ்வாறு நியாயப்படுத்துவது?

எடுத்த சளி அன்றே கையளிக்கப்பட வேண்டும். அதற்கு வழியில்லையேல் இரண்டு முதல் எட்டுப் பாகை செல்சியஸ் குளிரில், சூரிய ஒளி படாமல் வைக்க வேண்டும். உறைபெட்டிக்குள் வைத்துக் கட்டியாக்குவதும் கூடாது. ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனைக்கு மட்டும் சற்றுச் சலுகை உண்டு: 35 பாகையை மிஞ்சாத இடத்தில் மூன்று நாள் வரையும், நான்கு பாகைக் குளிரில் பத்து நாள் வரையும் வைத்திருக்கலாம். ஆனால் எந்தப் பரிசோதனைக்காகத் தம் போத்தல் போகிறது என்பது கொடுப்பவருக்குத் தெரிவதேயில்லை. ஆதலால் குளிர் என்பதே பாதுகாப்பான விதி.

விதி என்றால் விலக்கும் உண்டே. சில இடங்களில் போத்தலுக்குள் ஏற்கெனவே சிறிது திரவம் ஊற்றித் தருவர். நெடுந்தூரம் செல்லும் சளி கெடாதிருக்க சீற்றைல்பிரிடினியம் குளோரைட்டும் உப்பும் கலந்த கரைசலைச் சேர்க்கலாம் என்பது 1975இல் வெளியான ஆய்வொன்றால் நிலைநாட்டப்பட்டது. அறைச் சூட்டிலேயே ஒரு கிழமை வரை அது சளியைக் காக்கும். வேடிக்கை என்னவெனில் அந்தப் போத்தலைக் குளிரில் வைக்கக் கூடாது. வைத்தால் மருந்து பளிங்காக உறைந்து பயனற்றதாகிவிடும். ஆகவே உள்ளே திரவம் இருந்தால் அதைக் கழுவி ஊற்றாதீர்கள். இதைக் குளிரில் வைப்பதா வெளியில் வைப்பதா என்று ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள். கை சாடையால் கேட்டாலும் தாதி விளங்கிக்கொள்வார்.

குளிர்சாதனப் பெட்டி எங்கே என்று எம் வாசகர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பல விடுதிகளில் ஒரு மாடிக்கு ஒரு சமையலறை, அதில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு பெட்டி. பிறர் உணவு இருக்கும் இடத்தில் சளிப் போத்தலை வைக்க மனச்சாட்சியுள்ள எவரும் துணியார். துணிந்தாலும் அதைக் கண்டவர் தூக்கி எறிவார். அதனால் போத்தல் கட்டிலின் கீழ் கிடக்கிறது. இங்கே குற்றம் அகதியுடையது அன்று. ஆயிரக்கணக்கில் செலவிட்டு நெஞ்சுப் படம் எடுக்கும் அரசுகள், படத்தில் நிழல் கண்டபின் தேவைப்படும் சிறு பெட்டியொன்றை விடுதியின் அலுவலக அறையில் வைக்க மறந்துவிட்டன. ஜேர்மனியில் பொது விடுதியில் சேர்க்கப்படும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர், கர்ப்பிணிகள் நீங்கலாக, நெஞ்சுப் படம் எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். கனடாவின் குடிவரவு மருத்துவச் சோதனையில் அது பதினொரு வயதிலேயே தொடங்குகிறது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் இருப்பவர்களுக்கு, கட்டாயத்தை நிறைவேற்றும் வசதியைத் தரும் கடமை இல்லையா?

இது முடியாத காரியமும் அன்று. பாதையற்ற சதுப்பும் ஆறுமாய்க் கிடக்கும் பப்புவா நியூகினியில், 2014ஆம் ஆண்டு எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பினர் தொலைதூரச் சுகாதார நிலையங்களிலிருந்து கெறெமா நகர வைத்தியசாலைக்குச் சளி மாதிரிகளை ஆளில்லாச் சிறுவிமானத்தில் அனுப்பிப் பார்த்தனர். இந்தியாவில் தபால்காரர் மூலமாகவே சளியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் திட்டம் 2018இல் டெல்லியில் பரீட்சிக்கப்பட்டது. வறிய நாடுகள் இத்தனை சிந்திக்கும்போது, இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடும் ஐரோப்பிய நகரத்தில் போத்தல் மூன்று நாள் தங்கிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை மதியத்துடன் பொறுப்பேற்கும் சாளரம் மூடப்படுகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. திங்கள் முதல் வியாழன் வரையான காலைகளிலேயே சளி எடுக்குமாறு தாதி ஒரு வரி சேர்த்துச் சொன்னால் பாதித் தொல்லை தீரும். சொல்லாவிட்டாலும் நாமே அப்படித் தீர்மானித்துக்கொள்ளலாம்.

தபாலில் அனுப்புவதாயின் மூன்று உறை வேண்டும் என்பது சர்வதேச விதி. இறுக மூடிய போத்தல் முதலாவது. அது உடைந்தால் முழுவதையும் உறிஞ்சக்கூடிய பஞ்சோ தாளோ சுற்றி, கசியாத இரண்டாவது பையுள் இடவேண்டும். அதன்மேல் உறுதியான வெளிப்பெட்டி. பெட்டியில் சாய்சதுரக் கட்டத்துள் 'யூஎன் 3373' என்ற இலக்கம். இவை யாவும் வைத்தியசாலை தரவேண்டியவை. தராவிட்டால் கடித உறையில் திணித்து அனுப்ப முனையாதீர்கள். கசிந்த பொதியை ஆய்வுகூடம் திறவாமலே எறியும். வேலைக்குப் போகும் வழியில் கொடுத்துவிடச் சொல்லி நண்பரின் கையில் கொடுப்பதும் பல தடவை அவர் காரின் பின்னிருக்கையிலேயே முடிகிறது.

போத்தலின் மேல் எழுதப்படும் பெயரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் இது தமிழராகிய எமக்கென்றே அமைந்த சிக்கல். எமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமில்லை. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக ஊரில் எழுதினோம். இங்கே வந்ததும் தஞ்ச விண்ணப்பத்தில் தந்தை பெயர் குடும்பப் பெயரானது. மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு வேறொன்று. விமான நிலையத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். இரண்டாம் நேர்முகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேறுவிதமாக எழுத்துக்கூட்டினார். சிவகுமாரன் என்ற ஒரு பெயருக்கு 'எஸ்' என்றும் 'சி' என்றும் தொடக்கம், நடுவில் 'வி'யா 'டபிள்யூ'வா என்ற ஐயம், இறுதி 'அன்' சிலவேளை வெட்டப்பட்டே போயிற்று. முன்னெழுத்தைச் சுருக்கி எழுதும் பழக்கம் இன்னொரு தொல்லை. இத்தகைய பெயர் போத்தலில் ஒருவிதமாகவும் உடன்செல்லும் பத்திரத்தில் இன்னொருவிதமாகவும் இருந்தால் ஆய்வுகூடம் அந்த மாதிரியை நிராகரிக்கும். அது அவர்களது கெடுபிடி அன்று, நோயாளியைக் காக்கும் விதி. ஒருவர் சளி இன்னொருவர் பெயரில் பதிவானால் நோயற்றவர் ஆறுமாதம் குளிசை விழுங்குவார்; நோயுள்ளவர் இருமிக்கொண்டே திரிவார். ஒரே விடுதியில் ஒரே தந்தை பெயருடன் இரு சகோதரர் இருக்கும்போது இது கற்பனையான அபாயமும் அன்று.

ஆகவே போத்தல் கையில் வந்தவுடன், தஞ்ச அட்டையைத் தாதியிடம் நீட்டி அதிலுள்ள எழுத்துக்களை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்த எழுத்துக்கூட்டல் பிழையென்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அன்று அதைத் திருத்தப் போகாதீர்கள். பிறந்த திகதியையும் அட்டையில் உள்ளபடியே சொல்லுங்கள். பெயர் போத்தலின் உடலில் இருக்க வேண்டும், மூடியில் அன்று. ஆய்வுகூடத்தில் மூடி கழற்றப்பட்டதும் அது வேறு போத்தலுக்குப் போய்விடலாம். எடுத்த திகதியும் நேரமும் கூட எழுதப்படட்டும். சளி எத்தனை நாள் வயதுடையது என்பதை ஆய்வாளர் அறியும் ஒரே வழி அதுவே.

பெயருக்கு அடுத்தது முகவரி. வளர்ப்புப் பரிசோதனைக்கு ஆறு கிழமை என்றோம். தஞ்சம் கோரியவரை ஒரு விடுதியில் ஆறு கிழமை வைத்திருப்பார்களா? முதல் வரவேற்பு முகாமிலிருந்து மாநில விடுதி, அங்கிருந்து சிற்றூர் ஒன்றில் ஓரறை வீடு என்று மூட்டையைக் கட்டச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். முதல் முகாமின் முகவரிக்கு முடிவு செல்கிறது. அங்கே அந்தப் பெயரில் எவரும் இல்லை. புதிய ஊரின் வைத்தியருக்கு இப்படியொரு போத்தல் புறப்பட்டதே தெரியாது. குளிர், பொதி, பெயர் யாவும் சரியாக அமைந்து, கிருமியும் வளர்ந்து, ஆய்வாளர் 'உண்டு' என்று எழுதிய பின்னும், அச்சொல் உரியவரை அடையாமலே கோப்பில் உறங்கலாம். எம் பார்வையில் முழுச் சங்கிலியிலும் மிகப் பலவீனமான கண்ணி இதுவே. இதை அலுவலகங்களே சீர்செய்ய வேண்டும்: ஒருவரை இடம்மாற்றும் கட்டளையில் 'பரிசோதனை முடிவு நிலுவையில்' என்று ஒரு கட்டம் இருந்தால் போதும். அதுவரை, சளி கொடுத்த திகதி, கொடுத்த வைத்தியசாலை, அதன் தொலைபேசி இலக்கம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வழக்குப் பத்திரங்களுடன் வைத்திருங்கள். புதிய ஊரில் முதற் கிழமையிலேயே அதை வைத்தியரிடம் காட்டுங்கள்.

இத்தனைக்கும் பின்னால் ஒரு பயம் நிற்பதை நாம் அறிவோம். கிருமி இருப்பதாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவர் என்ற பேச்சு விடுதிகளில் உலவுகிறது. வேண்டுமென்றே எச்சிலைக் கொடுப்பதும், பிறர் சளியைத் தமதென்று கொடுப்பதும் இப்பேச்சின் விளைவே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை யாரைப் பாதுகாப்பிலிருந்து விலக்கலாம் என்று முதலாம் உறுப்புரையில் கூறுகிறது: போர்க்குற்றம் புரிந்தோர், அரசியல் சாராத பாரதூரமான குற்றம் புரிந்தோர், ஐக்கிய நாடுகள் சபையின் நோக்கங்களுக்கு மாறாக நடந்தோர் முதலியோர். திருப்பி அனுப்பலாகாது என்ற முப்பத்துமூன்றாம் உறுப்புரைக்குள்ள விலக்கும் நாட்டின் பாதுகாப்பையும் கடுங்குற்றத்தையும் பற்றியதே. நோயாளி என்ற சொல் இவ்விரு இடத்திலும் இல்லை. ஜேர்மனியில் காசநோய் அறிவிக்கப்படுவது சுகாதார அலுவலகத்துக்கு. தஞ்சம் தீர்மானிப்பது வேறு அலுவலகம். பிரித்தானியாவில் வதிவிட உரிமை எத்தகையதாயினும் காசநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. கனடாவின் ஒன்ராறியோவில் மருத்துவ அட்டை இல்லாதோருக்கும் இந்நோய்க்கான பரிசோதனையும் மருந்தும் வழங்கும் தனித் திட்டம் உண்டு. நோய் எவருக்கும் தஞ்சத்தை வாங்கித் தராது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். வழக்கின் பலம் வழக்கிலேயே உள்ளது.

குடும்பத்தைப் பிரித்துவிடுவர் என்பது மற்றைய பயம். இதற்கு விடை எம் மொழி வழங்கும் நகரிலேயே கண்டறியப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வொன்றில் 193 நோயாளரில் ஒரு பகுதியினரை மருத்துவமனையில் வைத்தும் மறுபகுதியினரை அவரவர் வீட்டிலேயே விட்டும் ஓராண்டு மருந்து கொடுத்தனர். வீடுகளோ நெரிசலானவை, உணவும் போதாதவை. சளியை வளர்த்துப் பார்த்தே குணத்தை அளந்தனர். 1959இல் வெளியான முடிவின்படி வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தனர். மருந்து தொடங்கிய பின் அவர்களுடன் வாழ்ந்த உறவினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. உலகெங்கும் சானற்றோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வும் ஒரு முக்கிய காரணம். இன்று மருந்து தொடங்கிய ஆரம்ப நாட்களில் சிலரைத் தனியறையில் வைப்பதுண்டு. அது சிறையன்று, பெரும்பாலும் சில கிழமைகளில் முடிவது.

உண்மையான சளியைக் கொடுப்பதில் இன்னொரு பலனும் உண்டு. எம்மவர் பலர் இங்கு வந்து சேருமுன் பல நாடுகளில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள். சிலர் வழியில் எங்கோ குளிசை தொடங்கி, முகவர் புறப்படச் சொன்னதும் இடையில் விட்டவர்கள். அத்தகையோரின் கிருமி மருந்துக்குப் பணியாததாக மாறியிருக்கக்கூடும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதை நெஞ்சுப் படம் சொல்லாது. போத்தலில் உள்ள உயிருள்ள கிருமியை வளர்த்துத்தான், அல்லது அதன் மரபுப்பொருளைச் சோதித்துத்தான் அறிய முடியும். வழமையான ஆறுமாதச் சிகிச்சையா, அதைவிடக் கடினமான வேறு சிகிச்சையா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு தேக்கரண்டிச் சளியே. முன்பு மருந்து குடித்திருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

சிறு பிள்ளைகள் விடயம் தனி. அவர்களுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, இருமி விழுங்கிவிடுவர். அதனால் வைத்தியசாலையில், விடியற்காலை வெறும் வயிற்றில், மூக்கின் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி இரைப்பையிலிருந்து எடுப்பதுண்டு. தாய்மார் கண்டு கலங்கும் காட்சிதான். இரைப்பை அமிலம் கிருமியைக் கொன்றுவிடுமாதலால் அந்த மாதிரி சளியைவிட வேகமாக ஆய்வுகூடம் சேரவேண்டும், அல்லது உடனே சோடாக் காரம் சேர்த்து அமிலத்தை மாற்ற வேண்டும். பிள்ளைக்கு இத்தனை வேதனை கொடுத்து எடுத்த மாதிரி மேசையில் கிடந்து வீணாகாமலிருக்க, எப்போது அனுப்பப்படும் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. பிள்ளைகளின் மலத்திலேயே ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனை செய்யும் முறையும் இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றுள்ளது. உங்கள் ஊர் வைத்தியசாலையில் அது உண்டா என்று கேட்பதிலும் தவறில்லை.

எம் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். விழா மலருக்கும் மண்டப வாடகைக்கும் சேர்க்கும் நிதியில் சிறுபகுதியை ஒதுக்கி, மேலே கூறியவற்றை ஒரே பக்கத்தில், படத்துடன், எளிய தமிழில் அச்சிட்டு உங்கள் நகர மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்திடம் கொண்டுபோய்க் கொடுங்கள். போத்தலுடன் சேர்த்து வழங்க அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கின்றோம். எழுதியதைச் சரிபார்க்க அங்குள்ள வைத்தியரையும், தமிழ் வைத்தியர் ஒருவரையும் கேளுங்கள். விடுதி நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இரண்டே: அலுவலக அறையில் பூட்டும் வெப்பமானியும் உள்ள சிறு குளிர்சாதனப் பெட்டி ஒன்று, காலை எட்டு மணிக்குப் போத்தல்களை வாங்கி, பெயரை அட்டையுடன் ஒப்பிட்டு, அன்றே அனுப்பும் பொறுப்புள்ள ஒருவர்.